ஒரு வருடச் சரக்கு

2019 அக்டோபர். அமெரிக்காவின் பிரபல விளையாட்டுப் பத்திரிகையான ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ அட்டையில் ஒரு பையன் படம் வந்தது. பெயர் எமோனி பேட்ஸ். வயது 15. மேஜிக் ஜான்சன், மைக்கேல் ஜோர்டன், லெப்ரான் ஜேம்ஸ்... அந்த வரிசையில் அடுத்து இவன்தான் என்று எழுதினார்கள். மீசை முளைக்காத வயசில் ஒருத்தன் தலையில் ஏற்றுகிற பாரமா அது? ஏற்றினார்கள்.

பையன் சும்மா இல்லை. டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இப்சிலான்ட்டி என்ற ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வருஷமே, 2019ல், மிச்சிகன் மாநிலப் பட்டத்தை அணிக்கு வாங்கித் தந்தவன். அடுத்த வருஷம் ஒரு ஆட்டத்தில் 63 புள்ளிகள். நாட்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரனுக்கான கேட்டரேட் விருதும் 2020ல் வந்தது. பத்தாவது படிக்கிற ஒரு பையனுக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் என்ன ஆச்சு?

மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேருவதாக 2020ல் சொன்னான். 2021ல் இல்லை என்றான். பள்ளிப் படிப்பை ஒரு வருஷம் முன்னாலேயே முடித்துக்கொண்டு மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனான். அங்கே 18 ஆட்டம், சராசரி 9.7 புள்ளிகள். முதுகில் காயம். ஒரே ஒரு சீசன்தான். 2022ல் மெம்ஃபிஸை விட்டுவிட்டுச் சொந்த ஊரில் இருக்கிற ஈஸ்டர்ன் மிச்சிகனுக்கு மாறினான். சராசரி 19.2 ஆக ஏறியது. டொலீடோ அணிக்கு எதிராக 2023 ஜனவரியில் 43 புள்ளிகள். அதில், அணி எடுத்த புள்ளிகளில் தொடர்ச்சியாக 29 இவன் ஒருத்தனே போட்டது! அந்த ஆட்டத்தில் அவன் அணி தோற்றது. சீசன் முழுக்க அப்படித்தான்: 8 வெற்றி, 23 தோல்வி. 2023 ஜூனில் என்.பி.ஏ. அணிகள் புதுமுகங்களைப் பொறுக்கியபோது மொத்தம் 58 இடங்கள். ஒரு காலத்தில் முதல் இடம் இவனுக்குத்தான் என்று சத்தியம் பண்ணினார்கள். கிடைத்தது 49வது இடம்.

உடனே தீர்ப்பு தயார். ‘பையனுக்குப் பொறுமை இல்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்து கத்துக்கத் தெரியலை. இங்கே தாவினான், அங்கே தாவினான், வளர்ச்சி நின்னு போச்சு. இந்தத் தலைமுறையே இப்படித்தான்.’

இந்தத் தீர்ப்பைத்தான் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறேன். பையன்மேல் தப்பே இல்லை என்று வக்காலத்து வாங்க வரவில்லை. ஈஸ்டர்ன் மிச்சிகனில் அவன் எறிந்த பந்துகளில் பாதிக்கு மேல் கூடையில் விழவில்லை. அது கணக்கில் இருக்கிறது, மறைக்க முடியாது. ஆனால் 17, 18 வயசுப் பையனின் வளர்ச்சி நின்றுபோனால் முதலில் யாரைக் கேட்க வேண்டும்? வளர்க்கிறேன் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டவரையா, வளர வந்தவனையா?

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் பற்றி ரெண்டு வரி. அது நம்ம ஊர்க் கல்லூரி விளையாட்டு விழா மாதிரி கேக், பிஸ்கட்டோடு முடிகிற சமாசாரம் இல்லை. மார்ச் மாசம் நடக்கிற ஆண்கள் போட்டியின் டி.வி. உரிமை, 2016ல் போட்ட நீட்டிப்பு ஒப்பந்தப்படி, 2032 வரை எட்டு வருஷத்துக்கு 880 கோடி டாலர். வருஷத்துக்கு 110 கோடி டாலர்! இதையெல்லாம் நிர்வகிப்பது என்.சி.ஏ.ஏ. என்கிற அமைப்பு. முதல் டிவிஷனில் ஏறக்குறைய 360 பல்கலைக்கழகங்கள். ஆடுகிற பையன்கள் மட்டும் ‘மாணவர்கள்’. 2021 ஜூலை வரை, தங்கள் பெயரை, முகத்தை வைத்து விளம்பரத்தில்கூட அவர்கள் காசு பண்ணக் கூடாது.

மாணவன் என்றால் காலேஜ் பிடிக்கவில்லை என்று வேறு காலேஜுக்குப் போகலாம் இல்லையா? போகலாம். ஆனால் பாஸ்கெட்பால் ஆடுகிறவன் போனால் ஒரு வருஷம் ஆடாமல் பெஞ்சில் உட்கார வேண்டும். 2018 வரைக்கும் இன்னொரு கூத்தும் இருந்தது. வேறு காலேஜோடு பேசவே இப்போதைய காலேஜின் அனுமதி வேண்டும். ‘அந்த காலேஜ் கூடாது, இந்த காலேஜ் கூடாது’ என்று பயிற்சியாளர் பட்டியல் போட்டுத் தடுக்கலாம். 2018 அக்டோபரில் ‘ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வந்தது. வரன் பதிவு மாதிரி. பெயரைப் பதிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் போன் பண்ணிப் பேசலாம். 2021ல், ஒரு தடவை மாறினால் பெஞ்சில் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. 2025 வசந்த காலத்தில் ஆண்கள் பாஸ்கெட்பாலில் மட்டும் 2,000 பேருக்கு மேல் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். சராசரி பார்த்தால் அணிக்கு அஞ்சாறு பேர். ஒரு அணியில் இருப்பதே 15 பேர்தான், சார்!

உடனே பயிற்சியாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். விசுவாசம் போச்சாம். குருபக்தி போச்சாம்.

விசுவாசத்தைப் பற்றி யார் பேசுவது? ஜான் காலிபாரியை எடுத்துக்கொள்வோம். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். 2019ல் அவரோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பேரே ‘ஆயுட்கால ஒப்பந்தம்’. பத்து வருஷம், 8 கோடியே 60 லட்சம் டாலர். 2024 மார்ச்சில் ஓக்லாண்ட் என்ற சின்னப் பல்கலைக்கழகத்திடம் கென்டக்கி முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது. ஏப்ரலில் காலிபாரி ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார், அதே கூட்டமைப்பில் இருக்கிற போட்டிப் பல்கலைக்கழகத்துக்கு. ஆயுட்காலம் ஐந்து வருஷத்தில் முடிந்துவிட்டது. அவர் ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தாரா? ஒரு ஆட்டம்கூட இல்லை. அவரைத் தப்பென்று நான் சொல்லவில்லை. நல்ல வேலை வந்தது, போனார். அதே வாயால் பையன்களுக்கு விசுவாசப் பாடம் நடத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு கதை. ரேக்வான் பேட்டில். வாஷிங்டனில் ஆடினான், மொன்டானா ஸ்டேட்டுக்கு மாறினான், 2023ல் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு மாறினான். ‘ரெண்டாவது தடவை மாறியிருக்கே, இந்த வருஷம் ஆடக் கூடாது’ என்றது என்.சி.ஏ.ஏ. அந்த 2023ல் என்ன நடந்தது தெரியுமா? மொன்டானா ஸ்டேட்டில் அவனுடைய பயிற்சியாளராக இருந்தவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். வெஸ்ட் வர்ஜீனியாவில் அவனைச் சேர்த்துக்கொண்ட பயிற்சியாளரும், சீசன் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பதவியை விட்டு விலகிவிட்டார். ஒரே வருஷத்தில் ரெண்டு குருமார்கள் சிஷ்யனைக் கைவிட்டார்கள். தண்டனை சிஷ்யனுக்கு! கடைசியில் ஏழு மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் கோர்ட்டுக்குப் போய், 2023 டிசம்பரில் நீதிபதி தடை போட்ட பிறகுதான் அவனால் களத்தில் இறங்க முடிந்தது.

அதனால் மாறுகிற உரிமை சரியான உரிமை. அதைத் திரும்பப் பிடுங்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சரி, உரிமை வந்தாச்சு. வளர்ச்சி வந்துச்சா? இங்கேதான் சிக்கல்.

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். கணக்குப் புஸ்தகத்தில் சொத்து ரெண்டு வகை. ஒன்று, நிலைச் சொத்து. இன்னொன்று, விற்பனைக்கு வாங்கி வைத்த சரக்கு. பொருள் ஒன்றாகவே இருக்கலாம். ஒரு பட்டறைக்காரர் லேத் மெஷின் வாங்கினால் அது நிலைச் சொத்து. அவர் அதற்கு எண்ணெய் போடுவார், தேய்ந்த பாகத்தை மாற்றுவார், சத்தம் கொஞ்சம் மாறினால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார். ஏன்? பத்து வருஷம் உழைக்க வேண்டிய மெஷின். அதே லேத்தை விற்பனைக்கு வைத்திருக்கும் கடைக்காரர் என்ன செய்வார்? தூசி தட்டுவார். அதற்கு மேல் செலவு செய்தால் அவருக்குப் பைத்தியம் என்று அர்த்தம்.

கல்லூரி ஆட்டக்காரன் நிலைச் சொத்துப் பக்கத்திலிருந்து சரக்குப் பக்கத்துக்கு வந்துவிட்டான். அவன் வளர்ச்சி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு வருஷத்துக்கு வாங்கிய பையனிடம் என்ன நடக்கிறது, பாருங்கள். ஏப்ரல் முதல் வாரம் சாம்பியன்ஷிப் முடிகிறது. பையன் புது காலேஜ் தேடிக்கொண்டு, கோடையில் போய்ச் சேருகிறான். நவம்பரில் முதல் ஆட்டம். புது இடத்தில் புது ஆட்டமுறை, தடுப்பாட்டத்துக்கு வேறு கட்டளைகள், ‘ஸ்விட்ச்’ என்றால் யார் யாரைப் பிடிப்பது என்பதே வேறு. இதெல்லாம் மண்டையில் ஏறி, கூட ஆடுகிறவன் கண்ணசைவு புரிய ஆரம்பிக்கும்போது ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடும். மார்ச்சில் சீசன் முடியும். மறுபடி போர்ட்டல் திறக்கும்.

இதில் ‘வளர்ச்சி’ எங்கே நுழையும்?

பந்து எறிகிற விதத்தில் கோளாறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழங்கை வெளியே போகிறது. அதைத் திருத்தினால் உடனே ஆட்டம் முன்னேறாது. முதல் சில மாசம் கெட்டுப்போகும். பழைய பழக்கம் போய், புதுசு கைக்குள் வருவதற்குள் குறி தப்பிக்கொண்டே இருக்கும். நாலு வருஷம் இருக்கப் போகிற பையன் என்றால் பயிற்சியாளர் அந்தச் சில மாசத்தைத் தாங்கிக்கொள்வார். ரெண்டாம் வருஷம் லாபம் வரும் என்று தெரியும். மார்ச்சில் போய்விடப் போகிற பையன் என்றால்? ‘கோணலா எறிஞ்சாலும் விழுதா? எறி கண்ணா!’ அவ்வளவுதான். கோணலைத் திருத்தும் செலவு இவருக்கு, லாபம் அடுத்த காலேஜுக்கு. எந்த முதலாளி இந்த வியாபாரம் செய்வார்?

இதைப் பயிற்சியாளரின் மனசாட்சி சம்பந்தப்பட்ட விஷயமாகப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. நல்லவரும் அதைத்தான் செய்வார். தோற்றால் அவர் வேலை போய்விடும்.

இப்போது எமோனி பேட்ஸைத் திரும்பிப் பாருங்கள். பள்ளியில் அவன் புள்ளி குவிக்கிற ஆள். மெம்ஃபிஸில் சீசன் ஆரம்பத்தில் அவனைப் பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பாயின்ட் கார்டாக இறக்கிப் பார்த்தார்கள். 17 வயசில், புது காலேஜில், புது வேலை. அது சரியாக வருவதற்கு ரெண்டு வருஷம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கொடுக்கவில்லை, அவனும் இருக்கவில்லை. ஈஸ்டர்ன் மிச்சிகனில் நேர் எதிர். அணியே அவன் கையில். வேண்டியமட்டும் எறியலாம். முதல் இடத்தில் தகுதிக்கு மீறிய புதுப் பாடம், அடுத்த இடத்தில் பாடமே இல்லாத சுதந்திரம். எந்த இடத்திலும் ரெண்டாம் வருஷம் கிடையாது. இதற்குப் பேர் வளர்ப்பா?

‘அப்படின்னா மாறினவன் எவனுமே தேறலையா?’ என்று கேட்பீர்கள். தேறியிருக்கிறார்கள். பெரிய உதாரணமே இருக்கிறது: லாரி பேர்ட்.

1974ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு சேர்ந்தார் பேர்ட். கிராமத்துப் பையனுக்கு அந்தப் பெரிய கேம்பஸ் ஒட்டவில்லை. ஒரு மாசம்கூட ஆகவில்லை, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஃப்ரெஞ்ச் லிக் என்ற தன் சின்ன ஊருக்குத் திரும்பிவிட்டார். நகரசபையில் வேலை, குப்பை வண்டி உட்பட. 1975ல் இண்டியானா ஸ்டேட்டில் சேர்ந்தார். அப்போதைய விதிப்படி 1975-76 சீசன் முழுக்க ஆடவில்லை. பயிற்சி மட்டும். அப்புறம் மூணு சீசன். 1979ல் ஒரு தோல்விகூட இல்லாமல் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோய், மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்றார். அதற்குப் பிறகு பாஸ்டன் செல்டிக்ஸில் அவர் செய்தது சரித்திரம்.

பழைய விதி நல்ல விதி என்று இதற்கு அர்த்தம் பண்ணிவிடாதீர்கள். கட்டாயமாக உட்கார வைத்தது தண்டனைதான். நான் பார்ப்பது வேறு கணக்கு. ஆட முடியாத அந்த ஒரு வருஷம் இண்டியானா ஸ்டேட்டுக்குப் பேர்டால் ஒரு டிக்கெட் வருமானம் கிடையாது. இருந்தும் சோறு போட்டு, படிக்க வைத்து, பயிற்சி கொடுத்தார்கள். பின்னால் மூணு வருஷம் இருக்கப் போகிறார் என்று தெரியும். அவர் அவர்களுக்கு நிலைச் சொத்து.

இன்றைய உதாரணமும் உண்டு. வால்டர் க்ளேட்டன். அயோனா என்ற சின்ன காலேஜில் ஆடினான். 2023ல் அங்கே பயிற்சியாளராக இருந்த ரிக் பிடினோ பெரிய இடத்துக்குப் போய்விட்டார். க்ளேட்டன் ஃப்ளோரிடாவுக்கு மாறினான். அங்கே ஒரு வருஷத்தில் ஓடிவிடவில்லை. ரெண்டாவது வருஷமும் இருந்தான். 2025 ஏப்ரலில் ஃப்ளோரிடா சாம்பியன். இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரன் விருது க்ளேட்டனுக்கு.

மாறாமலே இருந்தவன் கதை ஒன்று. டொரன்டோ பையன் சாக் ஈடி. 7 அடி 4 அங்குலம். பாஸ்கெட்பாலுக்கே தாமதமாக வந்தவன். பர்டூ பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் ஆட்டத்துக்குச் சராசரி 15 நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. 8.7 புள்ளி. மூணாம் வருஷம் நாட்டின் சிறந்த வீரன். அந்த வருஷமே ஃபேர்லி டிக்கின்சன் என்ற, கடைசி வரிசை அணியிடம் முதல் சுற்றில் தோற்று ஊரே சிரித்தது. போயிருக்கலாம். இருந்தான். நாலாம் வருஷம் சராசரி 25.2 புள்ளி, மறுபடியும் சிறந்த வீரன், அணி இறுதி ஆட்டம் வரை. என்.பி.ஏ. தேர்வில் ஒன்பதாவது இடம். எல்லோரும் ஈடியின் பொறுமையைப் புகழ்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அவனுடைய பயிற்சியாளர் மேட் பெயின்ட்டர் 2005லிருந்து அதே இடத்தில் தலைமைப் பயிற்சியாளர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? பையன் தங்கினான் என்றால், தங்குவதற்கு ஓர் ஆள் அங்கே இருந்தார்.

நாற்றைப் பிடுங்கி நடுவது தப்பில்லை. நட்டால்தான் பயிர். நட்ட வயலில் தண்ணீர் நிற்க வேண்டும், வேர் பிடிக்கிற வரை யாரும் கை வைக்கக் கூடாது. பேர்டும் க்ளேட்டனும் அப்படி நடப்பட்டவர்கள். வருஷா வருஷம் பிடுங்கிப் பிடுங்கி வேறு வயலில் நட்டுவிட்டு, ‘இந்த விதையே சரியில்லை’ என்றால் எப்படி?

‘அதான் இப்போ காசு கொட்டுதே, அப்புறம் என்ன குறை?’ என்ற கேள்வி வரும். வருகிறது. 2021 ஜூலையிலிருந்து விளம்பரக் காசு. 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கு சமரசமாகி, பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆனது. முதல் வருஷத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. பையன்கள் சம்பாதிக்கட்டும். அவர்கள் வியர்வையில்தான் 880 கோடி வந்தது. ஆனால் இந்தக் காசு, இன்றைக்கு என்ன தெரியுமோ அதற்கான விலை. நாளைக்குத் தெரிய வேண்டியதை யார் சொல்லிக்கொடுப்பது? என்.பி.ஏ. தேர்வில் வருஷத்துக்கு அதிகபட்சம் அறுபது இடம்தான். அதிலும் வெளிநாட்டுக்காரர்கள் பங்கு போக மிச்சம்தான் இவர்களுக்கு. மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கைவசம் இருக்கப் போவது அந்தப் பட்டம் ஒன்றுதான்.

அந்தப் பட்டமாவது உருப்படியாக வருகிறதா? ஒரு காலேஜில் படித்த பாடங்களை இன்னொரு காலேஜ் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2017ல் ஒரு அறிக்கை கொடுத்தது. காலேஜ் மாறிய மாணவர்கள், ஆட்டக்காரர்கள் மட்டுமில்லை, எல்லா மாணவர்களும், சராசரியாக 43 சதவீத கிரெடிட்களை இழக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. பாதிக்குக் கொஞ்சம் குறைவு. மூணு காலேஜ் பார்த்த பையனின் மார்க் ஷீட்டை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஒரு வருட வியாபாரத்தைப் பையன்கள் கண்டுபிடித்தார்களா? அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் விளையாட்டு உதவித்தொகையை நாலு வருஷத்துக்குக் கொடுக்க முடிந்தது. 1973ல் என்.சி.ஏ.ஏ. அதை ஒரு வருஷமாக வெட்டியது. வருஷா வருஷம் புதுப்பிக்கலாம், பயிற்சியாளர் மனசு வைத்தால். ஏறக்குறைய நாற்பது வருஷம் அப்படியே ஓடியது. 2011ல், ‘விருப்பமுள்ள காலேஜ் பல வருஷத்துக்குக் கொடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். கட்டாயம்கூட இல்லை, விருப்பம்தான். அதை ரத்து செய்யச் சொல்லிக் காலேஜ்கள் 2012ல் ஓட்டெடுப்பு நடத்தின. ரத்து செய்ய 62.5 சதவீத ஓட்டு வேண்டும். விழுந்தது 62.12. மயிரிழையில் விதி பிழைத்தது!

யோசித்துப் பாருங்கள். ஓட்டுப் போட்ட காலேஜ்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல், ‘எங்கள் பையனுக்கு நாலு வருஷ உத்தரவாதம் தர மாட்டோம், அடுத்தவனும் தரக் கூடாது’ என்று கையைத் தூக்கியிருக்கிறார்கள். விளையாட்டுக் காரணத்துக்காக உதவித்தொகையைப் பிடுங்க மாட்டோம் என்று பெரிய கூட்டமைப்புகள் சொன்னதே 2015ல்தான். வருஷத்துக்கு வருஷம் கணக்குப் பார்த்துக் கழற்றிவிடுகிற வித்தையை அவர்கள் ஆண்டாண்டு காலமாகச் செய்தார்கள். பையன்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதும் ‘ஐயோ, கலாசாரம் கெட்டுப்போச்சு’ என்கிறார்கள்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், நான் சொல்வது ரொம்பச் சாதாரணம். காசு கொடுத்து ஒப்பந்தம் போட ஆரம்பித்துவிட்டீர்கள் இல்லையா? அந்த ஒப்பந்தத்தை ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ போடுங்கள். ரெண்டு பக்கத்தையும் கட்டுகிற மாதிரி போடுங்கள். இப்போது சில ஒப்பந்தங்களில், பையன் நடுவில் போனால் அவன் பணம் கட்ட வேண்டும் என்று ஷரத்து வைக்கிறார்கள். வையுங்கள். அதற்குப் பக்கத்திலேயே, காலேஜ் அவனைக் கழற்றிவிட்டால் காலேஜ் பணம் கட்ட வேண்டும் என்றும் எழுதுங்கள். பயிற்சியாளர் பாதியில் கிளம்பினால் பையனும் தண்டம் கட்டாமல் கிளம்பலாம் என்று எழுதுங்கள். அவன் பட்டம் வாங்குகிற வரை, எத்தனை வருஷம் ஆனாலும், படிப்புச் செலவு நம்முடையது என்று எழுதுங்கள்.

முடியாத காரியமா? பயிற்சியாளர்களுக்கு இதைத்தானே எழுதுகிறார்கள்! டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேண்டாம் என்று அனுப்பியது. வேலை செய்யாமல் வீட்டில் இருப்பதற்காக அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வாத்தியாரைக் கழற்றிவிட இவ்வளவு கொடுக்க முடிகிறது. மாணவனைக் கழற்றிவிட, ‘போர்ட்டல்ல பேரைக் கொடுத்துக்கோப்பா’ என்ற ஒரு வரிதான்.

இதற்கு அவர்களிடம் ஒரு பதில் உண்டு. அப்படியெல்லாம் ஒப்பந்தம் எழுதினால் பையன்கள் ‘ஊழியர்கள்’ ஆகிவிடுவார்களாம். அவர்கள் மாணவர்களாம். விலை பேசி வாங்கும்போது ஆட்டக்காரன், பொறுப்பு என்று வந்தால் மாணவன். நல்ல கணக்கு! மாணவன்தான் என்றால், அவனைப் படிக்கவைத்து முடிக்கும் வரை விடாதீர்கள். ஊழியன்தான் என்றால், ஊழியனுக்குள்ள பாதுகாப்பைக் கொடுங்கள். ரெண்டில் எதைச் செய்தாலும் அவனுக்கு ரெண்டாம் வருஷம் என்று ஒன்று கிடைக்கும்.

எமோனி பேட்ஸ் ரெண்டு வருஷத்தில் ரெண்டு காலேஜ் பார்த்தான். ரெண்டிலும் அவனுக்காக டிக்கெட் விற்றது, டி.வி.யில் காட்டினார்கள். ‘இவன் வளரவில்லை’ என்று அவன் கணக்கில் எழுதி வைத்தவர்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ரெண்டு வருஷத்தில் அவனால் வந்த வரவு யார் கணக்கில் இருக்கிறது?